அயனி மரம் நீங்கலாக

வணக்கம்.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ஒரு பாட்டியைப் பற்றிச் சிறுகதை எழுதி ஓர் இதழுக்கு அனுப்பியிருந்தேன் என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்ள விரும்புகிறேன். "தேவையற்ற சொற்களை எடுத்துப் பாதியாக்குங்கள், நான்காம் பக்கம் வேண்டாம்" என்று பதில் வந்தது. எது தேவையற்ற சொல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குறள்போல ஏழு சீரில் சொல்லப் பழக வேண்டுமா? வட்டார வழக்கைக் குறைக்கவா? கதையை இணைத்துள்ளேன்.

ஆர்., மார்த்தாண்டம்

அன்புள்ள ஆர்.,

குறளை விடுங்கள், அது செய்யுள். வட்டார வழக்கைப் பற்றி இங்கே நிறையவே எழுதியாயிற்று.

"தெரிவித்துக்கொள்ள விரும்புகிறேன்" என்கிறீர்கள். அதற்குள் தெரிவித்தே முடித்துவிட்டீர்களே! கதையிலும் இதே நோய்தான். "மழை பெய்துகொண்டிருந்த காரணத்தினால் பேருந்து தாமதமாக வரக்கூடிய சூழ்நிலை ஏற்பட்டது." உங்கள் வீட்டில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? மழையில் பஸ் பிந்திவிட்டது. அவ்வளவுதானே?

ஆனால் "பிந்தியது" என்று நான் எழுதவில்லை, கவனியுங்கள். நனைந்துகொண்டு நின்றவளின் சலிப்பு அந்த "விட்டது"க்குள் இருக்கிறது. சிக்கனம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கைவைப்பது இந்த விடு, கொள், போடு மீதுதான். மிச்சமிருக்கும் எலும்பைக் காட்டி, இறுக்கமான நடை என்பார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். நன்னூல் பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது குன்றக் கூறலை, அதாவது தேவைக்குக் குறைவாகச் சொல்வதை, முதலில் வைத்து, அப்புறம்தான் மிகைபடக் கூறலுக்கு வருகிறது. பத்து அழகுகளிலும் சுருங்கச் சொல்லலை ஒட்டியே விளங்கவைத்தல். மேடையில் சுருங்கச் சொல்லலை மட்டும் சொல்லிக் கைத்தட்டு வாங்குகிறோம்.

என் பெரியப்பா குழித்துறையில் பத்திரம் எழுதியவர். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய திருவிதாங்கூர்க் காலத்து மூலப் பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும். அவற்றைப் படித்துத் தமிழில் எழுதுவார். மனு எழுத வருகிறவர்களின் "மேலான சமூகத்திற்கு" எல்லாவற்றையும் இரக்கமில்லாமல் அடிப்பார். நான்கெல்லைக்கு வந்தால் ஆள் மாறிவிடுவார். கிழக்கே தோடு (ஓடை), வடக்கே இன்னார் புரையிடம் (வீட்டுமனை), தென்மேற்கு மூலையில் நிற்கும் அயனி மரம் நீங்கலாக. சலிக்காமல் ஒவ்வொரு முறையும் முழுசாக.

வேறொருவர் எழுதிய பத்திரம் ஒன்று அவரிடம் வந்தது. மூலத்தில் இருந்த "நீங்கலாக" அதில் இல்லை. வாங்கியவர் அயனியை முறித்துப் பலகையாக்கிக் கதவும் போட்டுவிட்டார். விற்றவர் கோர்ட்டுக்குப் போய்விட்டார். பெரியப்பா தாளை என்னிடம் நீட்டி, "மக்களே, பகர்த்தினவன் (பார்த்து எழுதினவன்) ரொம்பச் சுருக்கமா எழுதியிருக்கான்" என்றார். சிரிக்கவில்லை.

சரி, உங்கள் கதை. வானம், மேகம், தென்றல் என்று போகும் முதல் பக்கம் மொத்தமும் போகட்டும். நான்காம் பக்கத்தைத் தொடாதீர்கள். விடியுமுன் பாட்டி வெட்டுச்சாலில் காய்ந்த வள்ளிப்பாலை உரிக்கிறாள், சிரட்டையில் உறைந்ததைக் கிள்ளிக் கூடையில் போடுகிறாள், அப்புறம்தான் கத்தியை எடுக்கிறாள். அங்கே நீங்கள்தான் அவசரப்பட்டிருக்கிறீர்கள். இன்னும் அரைப்பக்கம் எழுதி, வேறு இதழுக்கு அனுப்புங்கள்.