மூக்கின்மேல் கோபம் இல்லாத கடவுள்

கேள்வி இது: “கடவுள் அன்பானவர் என்கிறீர்கள். அதே வாயால், மனிதன் வேறொன்றை வணங்கினால் அவருக்குக் கோபம் மூளும் என்றும் சொல்கிறீர்கள். தன்னைத்தான் வணங்க வேண்டும் என்று அடம்பிடிப்பது கர்வம் இல்லையா?”

நான் இறையியல் படித்தவன் அல்லன். ஒரு சிறிய வேதபாடக் குழுவில் அவ்வப்போது பேசுகிறவன், அவ்வளவுதான். இந்தச் சங்கடம் எனக்கும் பல வருடங்கள் இருந்தது. 2-ஆம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவருக்கும் இருந்திருக்கிறது. அவர், கோபப்படும் பழைய ஏற்பாட்டுக் கடவுள் வேறு, இயேசு காட்டிய பிதா வேறு என்று இரண்டாகப் பிரித்தே விட்டார். திருச்சபை அதை ஏற்கவில்லை. அப்படி வெட்டி எறிவது சுலபம் என்பதாலேயே எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

முதலில் ‘கோபம்’ என்ற சொல். எபிரெயத்தில் கோபத்தைக் குறிக்கும் சொற்களில் ஒன்று ‘அஃப்’. அதன் நேர்ப்பொருள் மூக்கு. நாமும்தான் ‘அவருக்கு மூக்கின்மேல் கோபம்’ என்கிறோம்! யாத்திராகமம் 34:6-ல் கடவுள் தம்மைப் பற்றிச் சொல்லும் இடத்தில் தமிழ் வேதாகமம் ‘நீடிய சாந்தம்’ என்கிறது. எபிரெயத்தை அப்படியே பெயர்த்தால் ‘நீண்ட மூக்குள்ளவர்’ என்று வரும். அந்த மூக்கில் சூடு ஏற வெகுநேரம் ஆகும்.

அந்த வசனம் வரும் இடத்தைக் கவனியுங்கள். இரண்டு அதிகாரங்களுக்கு முன்னால்தான் இஸ்ரவேல் ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து கும்பிட்டிருக்கிறார்கள். உளியைப் பிடித்து அதற்கு உருவம் கொடுத்தது மோசேயின் அண்ணன் ஆரோன். மோசே வந்து கேட்டபோது அவன் சொன்ன பதில் என்ன தெரியுமா? பொன்னை நெருப்பில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வந்தது! தானாக வந்ததாம். பாவத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். இந்த ஒரு சாக்குப்போக்கு போல எதுவும் என்னை அடையாளம் காட்டியதில்லை.

விக்கிரகம் என்றதும் அடுத்தவர் வீட்டுப் பூஜையறையை நோக்கி விரல் நீட்டுகிற கிறிஸ்தவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. வேதாகமத்தில் விக்கிரகத்துக்காக அதிகம் திட்டு வாங்கியது கடவுளின் சொந்த ஜனம்தான். அதிலும் நிகுஸ்தான் கதை விசேஷம். வனாந்தரத்தில் பாம்புக்கடியிலிருந்து ஜனங்கள் பிழைப்பதற்காகக் கடவுளே செய்யச் சொன்ன வெண்கலச் சர்ப்பம் அது. பல நூற்றாண்டுகள் கழித்து அதற்கே தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா ராஜா உடைத்துப்போட வேண்டியதாயிற்று. கடவுள் கொடுத்த நல்ல பொருளே அவருடைய இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

என் நிகுஸ்தான் எது என்று எனக்கு ஒரு மாலையில் தெரிந்தது. அன்று ஏசாயா 44-ஆம் அதிகாரத்தைப் பேசினேன். ஒருவன் மரத்தில் பாதியை எரித்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, மீதிப் பாதியைத் தெய்வமாக்கி அதன்முன் விழுகிற பகுதி. நன்றாகவே பேசினேன். கூட்டம் முடிந்தது. நான் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தேன், தேவைக்கு மேல் மெதுவாக. யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று. ஒரு பெரியவர் என்னை நோக்கி வந்தார். ‘எல்லாம் கர்த்தருக்கே மகிமை’ என்று சொல்வதற்கு ஏற்றபடி முகத்தைத் தாழ்மையாக வைத்துக்கொண்டேன். “தம்பி, இங்கே ஒரு குடையைப் பார்த்தீர்களா?” என்றார்.

வீட்டுக்குப் போனதும், பென்சில் கேட்டு வந்த மகளிடம் எரிந்து விழுந்தேன். ஏன் என்று எனக்கே புரியவில்லை. கன்றுக்குட்டி தானாக வந்திருந்தது.

அன்றிரவு, ரோமாபுரி விசுவாசிகளுக்குப் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரத்தை எடுத்தேன். 18-ஆம் வசனத்தில் ‘தேவகோபம் வானத்திலிருந்து வெளிப்படுத்தப்பட்டிருக்கிறது’ என்று பவுல் தொடங்குகிறார். அடுத்து இடி விழும், அக்கினி இறங்கும் என்று எதிர்பார்ப்போம். அப்படி எதுவும் இல்லை. 24, 26, 28 ஆகிய வசனங்களில் ஒரே சொல் மூன்று முறை வருகிறது: ‘ஒப்புக்கொடுத்தார்.’ சிருஷ்டித்தவரை விட்டுச் சிருஷ்டியைப் பற்றிக்கொண்டவர்களை அவர்கள் ஆசைப்பட்டதன் கையிலேயே விட்டுவிட்டார். அங்கே தண்டனை என்பதே அதுதான். அதன் விளைவாக வரும் நீண்ட பட்டியலில் கொலை இருக்கிறது. பக்கத்திலேயே பொறாமையும் புறங்கூறுதலும் இருக்கின்றன. ‘அவர்கள்’ என்று தலையாட்டிக்கொண்டே வாசிக்கிறவனை இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனம் பிடித்துக்கொள்கிறது: மற்றவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்க்கிறவனே, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை.

என் தெய்வம் பாராட்டு. அன்று மாலை அதன் கையில்தான் இருந்தேன். ஒரு குடை போதுமாக இருந்தது, அது என்னை என்ன செய்யும் என்று காட்ட.

இனி உங்கள் ‘கர்வம்’ கேள்விக்கு வருகிறேன். எரேமியா 7:19-ல் கடவுளே ஏறக்குறைய இதைக் கேட்கிறார்: அவர்கள் நோகடிப்பது என்னையா, தங்களையே அல்லவா? 2:13-ல் தம்மை ஊற்று என்றும், ஜனங்கள் தங்களுக்கு வெட்டிக்கொண்டதை வெடிப்புள்ள தொட்டிகள் என்றும் சொல்கிறார். தொட்டியில் தண்ணீர் நிற்காது. தாகத்தில் சாவது வெட்டினவன்தான். குடியில் அழியும் மகனைப் பார்த்துத் தாய்க்கு வரும் கோபத்தை யாரும் கர்வம் என்பதில்லை. அவளுக்குக் கோபமே வரவில்லை என்றால்தான் நமக்குச் சந்தேகம் வரும்.

எல்லாக் கோபமும் இப்படிச் சத்தமில்லாதது என்று மழுப்பமாட்டேன். கன்றுக்குட்டி நாளில் ஏறக்குறைய 3,000 பேர் வெட்டுண்டு விழுந்தார்கள். ரோமர் 2:5 கோபாக்கினை நாளைப் பற்றிப் பேசுகிறது. அவற்றை என்னால் இலகுவாக வாசித்துக் கடந்துபோக முடிவதில்லை.

ஆனால் அதே நிருபத்தில் 8:32 இருக்கிறது. ‘தம்முடைய சொந்தக்குமாரனென்றும் பாராமல் நம்மெல்லாருக்காகவும் அவரை ஒப்புக்கொடுத்தவர்.’ முதல் அதிகாரத்தில் மூன்று முறை வந்த அதே கிரேக்க வினை. தமிழிலும் அதே சொல். நம்மை விட்டுவிட்ட இடத்துக்கே மகனையும் அனுப்பினார் என்று அன்றிரவு வாசித்தேன். இன்றும் அப்படித்தான் வாசிக்கிறேன்.

மறுநாள் காலை மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரி அப்பா, பென்சில் எங்கே?” என்றாள்.