மேக்ஃபைலை விட்டு எங்கே போவது?

கேள்வி: சி மொழியில் ஓர் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி எழுதுகிறோம். 40 சோர்ஸ் ஃபைல்கள், கையால் எழுதிய ஒரு மேக்ஃபைல் (எதை எப்படி கம்பைல் செய்வது என்று 'மேக்' கருவிக்குச் சொல்லும் ஃபைல்). பல சோர்ஸ்கள் பகிர்ந்துகொள்ளும் ஹெடர் ஃபைலைத் திருத்தினால் மேக் கண்டுகொள்வதில்லை, அதைச் சார்ந்தவற்றை மறுபடி கம்பைல் செய்வதில்லை. விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களால் பில்ட் செய்யவே முடியவில்லை. சிமேக், மீசான், ஆட்டோடூல்ஸ் என்ற பில்ட் கருவிகளில் எதற்கு மாறலாம்?

பதில்: முதல் குறைக்காகக் கருவியை மாற்ற வேண்டாம். ஜிசிசி கம்பைலருக்கு எம்எம்டி (-MMD), எம்பி (-MP) என்ற இரண்டு ஆப்ஷன்களைக் கொடுங்கள். எந்த சோர்ஸ் எந்த ஹெடரை இழுக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு 'டி' ஃபைல் எழுதிவைக்கும். மேக்ஃபைலின் கடைசியில் அவற்றை இன்க்ளூட் செய்யுங்கள். முன்னால் ஒரு கழித்தல் குறி வேண்டும்; இல்லாவிட்டால் டி ஃபைல்களே இல்லாத முதல் பில்ட் நின்றுபோகும். எம்பியை விட்டுவிட்டாலோ, ஏதாவது ஹெடரை அழிக்கும் நாளில் மேக் முரண்டுபிடிக்கும்.

இரண்டாவது குறைக்குத்தான் மாற்றம் தேவை. சிமேக்குக்கு மாறுங்கள். எழுதுவதற்கு மீசான்தான் சுத்தமான மொழி. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி 2017இலேயே அதற்குப் போய்விட்டது, விண்டோஸிலும் ஓடும். ஆனால் நீங்கள் எழுதுவது லைப்ரரி. அதை எடுத்துப் பயன்படுத்தும் சி, சி++ திட்டங்களில் நிறைய சிமேக்கில் இருக்கின்றன. அவர்கள் 'ஃபைண்ட் பேக்கேஜ்' (find_package) என்று ஒரு வரி எழுதினால் உங்கள் லைப்ரரி கிடைக்க வேண்டும். லினக்ஸுக்கு மட்டுமான புரோகிராம் என்றால் மீசானையே சொல்லியிருப்போம்.

ஆட்டோடூல்ஸ் புதிய திட்டத்துக்கு வேண்டாம். அது உருவாக்கும் நீளமான கான்ஃபிகர் ஸ்கிரிப்டை யாரும் படிப்பதில்லை. அதில் எதையும் ஒளித்துவைக்கலாம்: 2024இல் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்கதவைத் திறந்துவிட்ட எம்4 ஃபைல் (கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கப் பயன்படுவது) வெளியிட்ட டார்பால் தொகுப்பில் மட்டும்தான் இருந்தது, எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை.

சிமேக்கில் பலரும் சறுக்கும் இடம் 'குளோப்'. நட்சத்திரக் குறி போட்டு ஃபைல்களை அள்ளினால், அந்தப் பட்டியல் சிமேக் பில்டைத் தயார்செய்யும் 'கான்ஃபிகர்' கட்டத்தில் மட்டுமே எடுக்கப்படும். நண்பர் புது ஃபைல் சேர்த்து, நீங்கள் அதை கிட்டிலிருந்து 'புல்' (git pull) செய்து பில்ட் செய்தால், லிங்கர் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று கத்தும். 40 பெயர்களையும் எழுதிவிடுங்கள், அரை மணி நேர வேலை. குறைந்தபட்ச பதிப்பாக 3.16 போடலாம். பழைய திட்டங்களைப் பார்த்து 2.8 என்று எழுதினால் சிமேக் 4.0 ஏற்காது.

டெபியன் லினக்ஸில் சேர்க்க ஆசை இருந்தால் இன்னும் இரண்டு: பில்டின் நடுவே இணையத்திலிருந்து எதையும் இறக்காதீர்கள், அங்கே பில்டுக்கு இணையம் கிடையாது. எச்சரிக்கைகளைப் பிழையாக்கும் வெர்ரர் (-Werror) ஆப்ஷனை உங்கள் சோதனை பில்டில் மட்டும் வையுங்கள். புதிய கம்பைலர் புதிய எச்சரிக்கை ஒன்று கொடுத்தாலே பேக்கேஜ் உடைந்துவிடும்.

கேள்வி: மேக்கை ஜே8 (-j8, ஒரே நேரத்தில் எட்டு வேலைகள்) கொடுத்து ஓட்டினால் சில நேரம் 'ஹெடர் இல்லை' என்று நிற்கிறது. மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிறது. ஏன்?

பதில்: அந்த ஹெடர் பில்டின்போது உருவாகிற ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றாக ஓடும்போது வரிசை தற்செயலாகச் சரியாக அமைகிறது. எட்டு வேலைகள் ஒன்றாக ஓடினால் கம்பைலர் முந்திக்கொள்கிறது. அதைப் பயன்படுத்தும் ஆப்ஜெக்ட்களுக்கு முன்தேவையாக அந்த ஹெடரை எழுதுங்கள். டி ஃபைல் இங்கே கைகொடுக்காது, முதல் கம்பைல் முடிந்த பிறகுதான் அது பிறக்கிறது. வேறெங்கும் இப்படி விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க, குனு மேக் 4.4இல் வந்த 'ஷஃபில்' (--shuffle) ஆப்ஷனைக் கொடுத்துப் பத்து முறை கிளீன் பில்ட் செய்யுங்கள். வேலை வரிசையை அது வேண்டுமென்றே கலைத்துப்போடும்.