போதைப்பொருள் பாவிப்பவர்களுக்கான உதவி நிலையங்களை ஒன்லைன் மேப்பில் போடுவதால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் பலர் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. நான் இருப்பது கனடாவில், ஸ்காபரோவில், அதனால் ஒன்ராறியோ மாகாணத்தை வைத்தே சொல்கிறேன்.

ஃபென்ரனில் என்ற கடுமையான வலிநிவாரணி மாதிரியான மருந்து அளவு மீறி மூச்சு அடங்கிக்கொண்டு போகிற ஆளை மீட்க நலொக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. 2016 முதல் இங்கே பாமசிகளில் அது இலவசம். ஹெல்த் கார்ட் தேவையில்லை. பாவிக்கிறவர்தான் வரவேண்டும் என்றும் இல்லை, தாயோ சிநேகிதனோ போய் வாங்கலாம். சின்னப் பெட்டி ஒன்று தருவார்கள்: மூக்கில் அடிக்கிற ஸ்பிரே இரண்டு, கையுறை, வாயால் மூச்சுக் கொடுக்கும்போது இடையில் வைக்கிற தடுப்பு, செய்முறை அட்டை.

இவ்வளவு சுலபமாக இருந்தும் எங்கள் ஆட்கள் ஏன் தயங்குகிறார்கள்? பக்கத்துப் பாமசியில் நிற்கிறவர் தெரிந்த முகம். "ஆருக்கு, தம்பிக்கோ?" என்று ஒரு கேள்வி வந்தால் போதும், பின்னேரத்துக்குள் கதை கோயில் வரைக்கும் போய்விடும். மேப் உதவுவது இந்த இடத்தில்தான். கிட்ட இருப்பதைக் கண்டுபிடிக்க அல்ல, யாரிடமும் வாய் திறக்காமல் தூரத்தில் ஒன்றைத் தெரிவுசெய்ய. மார்க்கம் (Markham) நகரில் இருப்பவர் தள்ளியிருக்கிற மிசிசாகா நகருக்குப் போய் எடுத்துக்கொண்டு வரலாம்.

சிக்கல் எங்கே என்றால், பழைய தகவலில். பள்ளிக்கூடத்துக்கோ பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கோ 200 மீற்றருக்குள் மேற்பார்வையோடு போதைப்பொருள் பாவிக்கும் நிலையம் இருக்கக்கூடாது என்று 2024இல் ஒன்ராறியோ சட்டம் கொண்டுவந்தது. 2025 மார்ச் முடிவோடு பல நிலையங்கள் நின்றுபோயின. அவற்றில் பெரும்பாலானவை "ஹார்ட் ஹப்" (HART Hub) என்ற வேறு வகைச் சிகிச்சை நிலையங்களாக மாறின. அங்கே மேற்பார்வையோடு பாவிக்கவும் முடியாது, பாவிக்கிறவர்களுக்குப் புது ஊசி கொடுக்கவும் அனுமதி இல்லை. முகவரி சரியாக இருந்தும் மேப் ஆளை ஏமாற்றலாம். ஆகவே மேப்பில் போடுகிற புள்ளியை விட அதற்குக் கீழே எழுதியிருப்பதுதான் முக்கியம்: என்ன கிடைக்கும், எத்தனை மணிவரை, அடையாள அட்டை கேட்பார்களா, இதைக் கடைசியாகச் சரிபார்த்தது எப்போது. யாரும் திருத்தக்கூடிய இலவச மேப்பான ஓபன்ஸ்ரீட்மேப்பில் இந்தக் கடைசித் தேதியைப் போடவே தனிப் புலம் உண்டு. அதை நிரப்புகிறவர்கள்தான் குறைவு. வான் வண்டியில் இடம் இடமாக வந்து புது ஊசி கொடுக்கிறவர்களுக்குப் புள்ளியே பொருந்தாது. அவர்களுக்குத் தொலைபேசி எண்ணைப் போட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று. போதைச் சிகிச்சை நிலையங்களுக்குப் போய்வந்த பதிவை இருப்பிட வரலாற்றிலிருந்து அழிப்பதாக 2022 யூலையில் கூகிள் அறிவித்தது. நல்ல விஷயம்தான், ஆனால் நீங்கள் தேடிய சொற்கள் தேடல் வரலாற்றில் கிடக்கும். தகப்பனும் பிள்ளைகளும் ஒரே கணக்கைப் பாவிக்கிற வீடு என்றால், முதலில் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டுத் தேடுங்கள்.