மூக்கில் எண் வில்லை வைத்த இடுக்கி

கேள்வி: பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஓர் இரும்புக் கருவி வாங்கினேன். பிடியை அழுத்தினால் மூக்கில் சிறு கட்டை முன்னே வருகிறது. எதிரே 4 முதல் 12 வரை எண் பொறித்த வட்ட வில்லை. இது எதற்கு?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கைரம்பத்தின் பற்களைச் சாய்க்கும் கருவி இது. பற்கள் இடமும் வலமும் மாறிமாறிச் சாய்ந்திருந்தால்தான் வெட்டும் தடம் தகட்டைவிட அகலமாக விழும். இல்லாவிட்டால் ரம்பம் மரத்துக்குள் இறுகிவிடும்.

வில்லையில் உள்ள எண், ஓர் அங்குலத்தில் வரும் பல்முனைகளின் எண்ணிக்கை. உங்கள் ரம்பத்தில் அதை எண்ணி, அதே எண்ணைக் கட்டைக்கு நேராகத் திருப்பி இறுக்குங்கள். ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதே பக்கமே, ஒன்றுவிட்டு ஒரு பல்லாக அழுத்துங்கள். பிறகு ரம்பத்தைத் திருப்பிப் பிடித்து மீதிப் பற்கள். பல்லின் மேல்பாதி மட்டும் வளைய வேண்டும். அடிவரை வளைத்தாலோ, எதிர்ப்பக்கம் மடக்கினாலோ பல் முறியும். ஈர மரத்துக்குச் சாய்வு கூடுதலாகவும், செங்கால் போன்ற காய்ந்த கடின மரத்துக்குக் குறைவாகவும் இருக்கட்டும்.

பல்முனை கருநீலமாக இருக்கும் புது ரம்பங்களில் இதை வைக்கவே வேண்டாம். அவை சூடேற்றிக் கடினமாக்கியவை, வளையாமல் உடைந்துவிடும்.

துருவுக்கு மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவைத்துத் தேய்த்து, எண்ணெய் விடுங்கள். பிடியை விட்டதும் கட்டை தானாகப் பின்வாங்கினால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. நல்ல பொருள், விற்றுவிடாதீர்கள்.