முன்னாள் படைவீரர் வாரியம் முதலில் எப்படி உருவானது?

கேள்வி: சென்னையில் மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்ற என் மாமா 'சைனிக் போர்டு' என்கிறார். அது சங்கமா, அரசு அலுவலகமா? எப்போது வந்தது?

சங்கம் இல்லை, அரசு அமைப்புதான். முன்னாள் வீரர்கள் தாங்களே கூடி நடத்தும் சங்கங்கள் வேறு. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் உலகப் போர் என்றதும் நம் ஊருக்கு நினைவு வருவது 1914 செப்டம்பரில் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னை மீது போட்ட குண்டு. சாமர்த்தியக்காரரை இன்றும் 'சரியான எம்டன்' என்கிறோமே, அதே கப்பல்தான். ஆனால் பெரிய கதை கடலுக்கு அப்பால் நடந்தது. இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டுப் போர்முனைகளுக்குப் போனார்கள். 70,000க்கும் அதிகமானோர் திரும்பவில்லை. திரும்பியவருக்குப் பிழைப்பு, இறந்தவர் வீட்டுக்குப் பென்ஷன், ஊரில் நிலத்தகராறு என ஆயிரம் சிக்கல். இவற்றைக் கவனிக்கத்தான் 1919-இல் 'இந்தியன் சோல்ஜர்ஸ் போர்டு' அமைந்தது. பெயரிலேயே தரைப்படை மட்டும்! கடற்படை, விமானப்படை 1951-இல் பெயரில் சேர்ந்தன. 'கேந்திரிய சைனிக் போர்டு' (மத்திய படைவீரர் வாரியம்) ஆனது 1975-இல். இன்று மாவட்ட அளவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது.

அப்புறம், படைவீரர் நலனுக்கு நிதி திரட்டும் டிசம்பர் 7 கொடிநாளில் சட்டையில் குண்டூசியால் குத்தும் குட்டிக் கொடியைப் பாருங்கள்: சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம். முப்படைக்கும் ஆளுக்கொரு நிறம். அந்த வழக்கம் 1949-இல் தொடங்கியது.