கேசட்டில் எண் அழிந்துவிட்டால் ஊகித்து எழுதலாமா?

கேள்வி: டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக நுட்பப் பட்டயப் படிப்பு) முடித்துவிட்டுத் தனியார் ஆய்வகம் ஒன்றின் திசு நோயியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். நேற்றுக் காலை பிராசசரிலிருந்து (திசுவை இரவு முழுவதும் பதப்படுத்தும் இயந்திரம்) எடுத்த கேசட்டுகளில், அதாவது எண் எழுதித் திசுவை வைக்கும் சிறு பிளாஸ்டிக் பெட்டிகளில், இரண்டில் எண் அடியோடு அழிந்திருந்தது. இரண்டுமே மார்பக ஊசி பயாப்ஸி (ஊசியால் எடுத்த திசு மாதிரி). “வரிசைப்படி பார்த்தால் இது 412, அது 413. எழுதிவிட்டு வேலையைப் பாரம்மா” என்றார் சீனியர் அண்ணன். எழுதிவிட்டேன், மனம் ஒப்பவில்லை. டாக்டரிடம் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. எண் ஏன் அழிகிறது?

– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இதழ் அச்சாகி வரும்வரை பொறுக்கக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால் உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். டாக்டரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு பிளாக்குகளையும் (திசு பதிந்த மெழுகுக் கட்டிகள்) தனியாக எடுத்து வையுங்கள். ஸ்லைடு போட்டாகிவிட்டது என்றால், ரிப்போர்ட்டில் கையெழுத்தாவதற்கு முன் அவர் காதில் இந்தச் செய்தி விழ வேண்டும்.

வரிசையை நம்ப முடியாது. பிராசசர் கூடையில் கேசட்டுகள் இரவு முழுவதும் திரவத்தில் மூழ்கிக் கிடக்கின்றன. காலையில் கைக்கு வந்தபடி எடுத்து வைக்கிறோம். அதில் 412 எது, 413 எது என்று யாரால் சொல்ல முடியும்? ஒன்று பித்தப்பை, மற்றொன்று குடல்வால் என்றால் மைக்ரோஸ்கோப்பே சொல்லிவிடும். இரண்டும் மார்பகத் திசு என்பதுதான் இங்கே சிக்கல். ஒன்று புற்றுநோயாகவும் மற்றொன்று சாதாரணக் கட்டியாகவும் இருந்து எண்கள் இடம் மாறியிருந்தால், நோயில்லாத பெண்ணுக்கு அறுவை சிகிச்சை நடக்கும். நோயுள்ளவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்.

டாக்டருக்கு வழிகள் உண்டு. எத்தனை துண்டுகள், எவ்வளவு நீளம் என்று கிராஸிங் (வந்த மாதிரியைப் பார்த்து, வெட்டி, கேசட்டில் வைக்கும் வேலை) குறிப்பில் எழுதியிருப்பதை பிளாக்கோடு ஒப்பிடுவார். அறுவை சிகிச்சையில் எடுத்த பெரிய மாதிரி என்றால் ஜாடியில் மிச்சத் திசு இருக்கும். ஊசி பயாப்ஸியைப் பெரும்பாலும் முழுவதுமாகக் கேசட்டில் வைத்துவிடுவதால் இங்கே அதற்கு வாய்ப்பு குறைவு. அப்படியும் தெளியவில்லை என்றால், பிளாக்கில் உள்ள டி.என்.ஏ.வை நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிடலாம், அல்லது மீண்டும் பயாப்ஸி எடுக்கலாம். மறுபடி ஊசி குத்திக்கொள்வது அந்தப் பெண்களுக்கு வேதனைதான். தவறான ரிப்போர்ட் அதைவிடக் கொடியது.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. யார் மீதும் பழி போடாமல் நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: “டாக்டர், இரண்டு கேசட்டில் எண் அழிந்திருந்தது. வரிசையை வைத்து எழுதியிருக்கிறோம், உறுதியாகத் தெரியாது.” பதிவேட்டிலும் அப்படியே எழுதி வையுங்கள். பொறுப்புள்ள எந்த நோயியல் மருத்துவரும் இதைச் சொன்னவரை வேலையை விட்டு அனுப்ப மாட்டார்.

இனி, எண் ஏன் அழிகிறது என்ற கேள்வி. கேசட், திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் தொடங்கி, படிப்படியாகச் செறிவு கூடும் ஆல்கஹாலிலும், பிறகு சைலீன் என்ற கரைப்பானிலும், கடைசியில் 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருகிய பாரஃபின் மெழுகிலும் குளித்து வருகிறது. பால்பாயின்ட் மையும் கடையில் கிடைக்கும் சாதாரண ‘பெர்மனென்ட்’ மார்க்கரும் தண்ணீருக்குத் தாங்கும்; ஆல்கஹாலிலும் சைலீனிலும் கரைந்துவிடும். பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட், அதாவது கரி. அது இவை எதிலும் கரையாது. ஆகவே பென்சிலையே பிடித்துக்கொள்ளுங்கள். கேசட்டின் முன்பக்கம் சரிவாகச் சொரசொரப்பாக இருக்கிறதே, அது எழுதுவதற்காகவே செய்யப்பட்ட இடம். அது உலர்ந்திருக்கும்போதே, திசுவை வைப்பதற்கு முன், அழுத்தி எழுதுங்கள். ஃபார்மலின் பட்ட கையுறையோடு ஈரத்தில் எழுதினால் பென்சிலும் பிடிக்காது.

மூடியில் மட்டும் எழுதுவது இன்னும் ஆபத்தான பழக்கம். எம்பெடிங்கின்போது (திசுவை மெழுகில் பதிக்கும்போது) மூடியை ஒடித்துக் குப்பையில் போட்டுவிடுவோம், எண்ணும் அதோடு போய்விடும். ஃபார்மலின் ஜாடிக்கும் இதே விதிதான். லேபிள் ஜாடியின் உடம்பில் இருக்க வேண்டும். 6, 9 இரண்டுக்கும் அடியில் ஒரு கோடு போடுங்கள், பிளாக்கைத் தலைகீழாகப் பிடிப்பவர் குழம்பமாட்டார்.

கிராஸிங் மேசையில் ஒரு நேரத்தில் ஒரே நோயாளியின் ஜாடிதான் திறந்திருக்க வேண்டும், அவருடைய கேசட்டுகள் மட்டுமே எதிரில் இருக்க வேண்டும். நாள் முழுவதுக்குமான கேசட்டுகளை மொத்தமாக எழுதி அடுக்கிக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்துவதுபோல் தோன்றும். திசு தவறான கேசட்டுக்குள் போவது பெரும்பாலும் அப்படித்தான். அடுத்தடுத்து ஒரே உறுப்பின் மாதிரிகள் வந்தால் நடுவில் வேறோர் உறுப்பை வைத்துவிடுங்கள். அப்போது மாறினாலும் ஸ்லைடிலேயே தெரிந்துவிடும். சிறு பயாப்ஸிகளுக்கு, பென்சிலால் எண் எழுதிய துண்டுக் காகிதத்தைத் திசுவோடு கேசட்டுக்குள்ளேயே வைக்கும் பழைய வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் மிகுந்த மதிப்பு உண்டு. வெளியே அழிந்தாலும் உள்ளே எண் இருக்கும்.

மார்க்கர்தான் வேண்டும் என்று சீனியர் சொன்னால், சைலீனுக்குத் தாங்கும் திசு ஆய்வக மார்க்கரைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். புதிய மார்க்கர் பெட்டி வந்ததும் காலிக் கேசட் ஒன்றில் எழுதி, நன்றாக உலரவிட்டு, ஓர் இரவு முழுச் சுற்றும் ஓடவிட்டுப் பாருங்கள். காலையில் எழுத்து அப்படியே இருந்தால் மட்டும் நோயாளிகளின் கேசட்டில் அதைத் தொடுங்கள்.