நீச்சலுடையின் கால் ஓரத்தில் எலாஸ்டிக் தைத்தால் ஏன் நெளிகிறது?

மகளுக்கு நீச்சலுடை தைத்த சகோதரி, கால் ஓரம் நெளிகிறது, இழுத்தால் தையலும் அறுகிறது என்று கேட்டிருந்தார். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

எலாஸ்டிக்கைச் சுற்று முழுக்க ஒரே அளவாக இழுத்துத் தைத்தால் முன்பக்கம் நெளியும். முன்பக்க வளைவில் இழுக்காமல் துணியோடு அப்படியே வைத்துத் தையுங்கள், இழுப்பு பின்பக்கத்துக்குத்தான். உடை மேலேறுவது அங்கேதானே! சிறு பிள்ளைக்கு எலாஸ்டிக்கைக் கால் ஓரத்தின் சுற்றளவைவிட 2, 3 சென்டிமீட்டர் குறைத்து வெட்டினால் போதும். எலாஸ்டிக்கை மட்டும் இழுங்கள், துணியை இழுக்காதீர்கள்.

தையல் அறுவது நேர்த்தையலால், அது துணியோடு சேர்ந்து நீளாது. ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து போகும் தையல்) போடுங்கள்: உள்பக்கம் ஓரத்தோடு ஒன்று, மடித்தபின் இன்னொன்று. பாலியெஸ்டர் நூல், 75ஆம் எண் ஸ்ட்ரெட்ச் ஊசி (இழுபடும் துணிக்கான ஊசி) பயன்படுத்துங்கள்.

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கும் சாதாரணப் பாவாடை எலாஸ்டிக் குளோரின் தண்ணீரில் சீக்கிரம் தளர்ந்துவிடும். நீச்சலுடைக்கென்றே விற்கும் ரப்பர் எலாஸ்டிக்கைக் கேட்டு வாங்குங்கள்.